மாத்திரைப் பையும் நடைப் பயிற்சியும்

“வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் இருக்கும்” என்பது நம் இல்லங்களில் மிக எளிதாகச் சொல்லப்படும் வாக்கியம். எழுபது வயதைக் கடந்த தாயார் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கையில் தள்ளாடினால் அதையே சொல்கிறோம். தகப்பனார் பகலெல்லாம் தூங்கி வழிந்தாலும் அதையே சொல்கிறோம். முழங்கால் அறுவைக்குப் பின்னரோ, பக்கவாதம் கண்ட பின்னரோ, பிசியோதெரபி என்னும் இயன்முறைப் பயிற்சி தொடங்கி ஆறு வாரம் ஆகியும் நடை தேறவில்லையாயின், “இந்த வயதில் பயிற்சி என்ன செய்யும்?” என்று பயிற்சியையே நிறுத்திவிடுகிறோம்.

இவ்வாறு வயதின்மேல் சுமத்தப்படும் பழிகளுள் ஒரு பகுதி உண்மையில் வயதினுடையதன்று, மாத்திரையினுடையது. மாத்திரையின் விளைவு என்று அறியப்பட்டால் அதற்குப் பரிகாரம் உண்டு. வயதின் விளைவு என்று தீர்மானித்துவிட்டால் பரிகாரம் தேடுவாரில்லை. நடக்கக்கூடிய ஒருவர் படுக்கையில் கிடக்க நேர்வது இப்படித்தான். ஆகவே இவ்விஷயம் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்கள் சற்று ஆழ்ந்து சிந்திப்பது நலம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

நாம் வைத்தியரல்லோம். மருந்தை நிறுத்தும்படியோ மாற்றும்படியோ யாருக்கும் சொல்ல நமக்கு உரிமையில்லை. எதைக் கவனிக்க வேண்டும், கவனித்ததை யாரிடம் எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதே இங்கு நாம் சொல்லப்போவது.

இருவருக்கு இடையே நாம்

மருந்து எழுதித்தரும் டாக்டர், முதியவரை நாற்காலியில் அமர்ந்த நிலையில் சில நிமிஷங்களே பார்க்கிறார். அவர் நடப்பதையும் படி ஏறுவதையும் அவர் காண்பது அரிது. பயிற்சி தருபவரோ முதியவர் எழுவதையும் நிற்பதையும் நடப்பதையும் தினந்தோறும் காண்கிறார். ஆனால் அவர் என்னென்ன மாத்திரை உண்கிறார் என்பதை அறியார். ஒருவருக்கு மருந்து தெரியும், நடை தெரியாது. மற்றவருக்கு நடை தெரியும், மருந்து தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும் நாம் மட்டுமே. ரயில் பாதையில் இரண்டு நிலையங்களும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டு ‘லைன் கிளியர்’ பெற்ற பின்னரே வண்டி விடப்படுகிறது. முதியோர் விஷயத்தில் அச்செய்தியைக் கொண்டுசெல்லும் கடமை குடும்பத்தாருடையது.

உத்தியோக நிமித்தம் வெளியூரில் குடியேறிய நம்மவர்க்கு இக்கடமை மேலும் கடினமானது. பெற்றோர் பெரும்பாலும் ஊரில் இருந்து, உடல் தளர்ந்த பின் நம்மிடம் வந்து சேர்கிறார்கள். ஊர் டாக்டர் எழுதிய மருந்துகள் ஒரு பையில் வருகின்றன. இங்கே ஆஸ்பத்திரியில் எழுதிய மருந்துகள் இன்னொரு பையில் சேருகின்றன. கோடையில் ஊருக்குப் போய்வந்தால் மூன்றாவது பை ஒன்றும் உடன் வருகிறது. இடையில் பக்கத்து வீட்டார் சொன்ன மூட்டுவலிப் பொடியும், கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையும் கூடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டு, மருந்தினால் விளையும் தீங்கைக் குறைக்கும் பொருட்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கியபோது, மூன்று விஷயங்களை முக்கியமானவையாக எடுத்துக்கொண்டது. அபாயம் மிகுந்த சூழ்நிலைகள் ஒன்று. பல மருந்துகளை ஒருசேர உண்பது ஒன்று. நோயாளி ஓரிடத்துச் சிகிச்சையிலிருந்து வேறோரிடத்துச் சிகிச்சைக்கு மாறும் வேளை ஒன்று. நம் வீடுகளில் பின்னிரண்டும் ஒன்றாகவே கூடிவருவதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு பாட்டியாரின் கதை

நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். தஞ்சைப் பக்கத்திலிருந்து பேரனிடம் வந்த பாட்டியார் ஒருவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்துகொண்டார். அறுவை நன்றாகவே முடிந்தது. பயிற்சி தருபவர் தினமும் காலையில் வீட்டிற்கு வந்தார். முதல் பத்து நாட்களில் வாக்கர் என்னும் நடைச்சட்டத்தைப் பிடித்து நின்ற பாட்டியார், அதன்பின் நிற்கவே மறுத்தார். “கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறதடா” என்பார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பேரன் அதனை ஹிந்தியில், “பாட்டிக்குத் தூக்கம் வருகிறதாம்” என்று மொழிபெயர்த்தான். பயிற்சி தருபவரும் பாட்டியாருக்கு ஊக்கம் போதவில்லை என்று எண்ணினார். வீட்டாரோ சோம்பல் என்றே முடிவு கட்டினர். பாட்டியாருக்கு அதில் மிகுந்த வருத்தம். “நான் வேண்டுமென்றா படுத்திருக்கிறேன்?” என்று ஒருநாள் அழுதுவிட்டார்.

விடுமுறையில் வந்த மகள்தான் மாத்திரைகளையெல்லாம் மேசைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் படித்தாள். இரண்டு அட்டைகளில் வியாபாரப் பெயர் வேறு. அடியில் சிறு எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் ஒன்றே. இரண்டும் டெல்மிசார்டன் என்னும் இரத்த அழுத்த மருந்து. ஒன்று ஊர் டாக்டர் எழுதியது. மற்றொன்று இங்கு எழுதியது. பயிற்சி தருபவர் படுத்த நிலையில் அளந்தபோது மேல் எண் 138 இருந்தது; எழுந்து நின்றதும் 104 ஆயிற்று. டாக்டர் ஒன்றை நிறுத்தினார். அடுத்த மாதம் பாட்டியார் நடைச்சட்டத்துடன் வாசற்படி வரை வந்து, வெயிலில் நாற்காலி போட்டு அமர்ந்தார். தேகத்தில் வலுவும் மனத்தில் ஊக்கமும் அவருக்கு முன்பே இருந்தன. அவரைத் தடுத்தது ஒரு மாத்திரைதான்.

முதுமையில் மருந்து ஏன் மாறுகிறது?

நாற்பது வயதில் ஒத்துக்கொண்ட மருந்து எழுபத்தைந்தில் ஏன் தொல்லை தருகிறது என்று கேட்கலாம். மருந்தைக் கழித்து வெளியேற்றும் சிறுநீரகமும் கல்லீரலும் வயது செல்லச் செல்ல வேகம் குறைகின்றன. உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு மிகுகிறது. ஆகவே கொழுப்பில் கரையும் டயசிபம் போன்ற மருந்துகள் பல நாட்கள் உடம்பிலேயே தங்குகின்றன. எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்காதபடி நரம்புகளும் குழாய்களும் உடனே செய்ய வேண்டிய சரிக்கட்டலும் தாமதப்படுகிறது. அளவு மாறாவிட்டாலும் அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்கிறது.

இதன்மேல் பயிற்சியும் சேருகிறது. தேகம் அசையும்போது இரத்த ஓட்டம், நாடி, சர்க்கரை, நீர்ச்சத்து யாவும் மாறுகின்றன. சும்மா படுத்திருக்கையில் வெளிப்படாத மருந்தின் விளைவு, பயிற்சி வேளையில் வெளிப்பட்டுவிடுகிறது. இதை ஒருவகையில் நன்மை என்றே கொள்ளலாம். மறைந்திருந்த தீங்கைக் காட்டிக்கொடுக்கும் வேளை அது.

முதியோர்க்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியல் ஒன்றை 1991-இல் மார்க் பியர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் தொகுத்து வெளியிட்டார். இன்றுவரை அது பியர்ஸ் பட்டியல் என்றே வழங்குகிறது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதனைத் திருத்திப் புதுப்பித்து வருகிறது, 2023-லும் புதுப்பித்தது. பட்டியலில் ஒரு மருந்து இருப்பதனாலேயே அது கூடாது என்பதில்லை. ‘முதியவருக்கு இது தேவைதானா?’ என்று ஒருமுறை கேட்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

எந்த மாத்திரை என்ன செய்யும்?

பிரஷர் மாத்திரைகள்: அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவையும், நீர் பிரியும் மாத்திரைகளும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்திற்காகத் தரப்படும் டாம்சுலோசின், பிரசோசின் போன்றவையும், நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் மாத்திரையும் எழுந்து நிற்கையில் அழுத்தத்தை வீழ்த்தக்கூடும். ஐந்து நிமிஷம் படுக்கவைத்து அளந்து, பின் எழுந்து நின்ற மூன்று நிமிஷத்திற்குள் மீண்டும் அளந்தால், மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்திருந்தால் அதனை டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். படுத்தவரை உடனே நிறுத்திவிடாமல் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிஷம் காலைத் தொங்கவிட்டு அமரச்செய்து, கணுக்காலை மேலும் கீழும் பத்துமுறை அசைக்கச்செய்து, பின்னர் எழுப்புவது நல்லது. வெந்நீர்க் குளியலும், வயிறு நிறைந்த உணவும் அழுத்தத்தை மேலும் தாழ்த்தும். ஆதலால் குளித்த கையோடும், உண்ட கையோடும் பயிற்சி வேண்டாம். பயிற்சியை ஒரேயடியாக நிறுத்தாமல் மெல்ல மெல்லக் குறைத்து முடிக்க வேண்டும். வடநாட்டுக் கோடையில் நீர் பிரியும் மாத்திரை உண்பவருக்கு வியர்வையாலும் நீர் போகும். சோர்வு, தசைப்பிடிப்பு, மனக்குழப்பம் தோன்றினால் இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்ததோ என்று பரிசோதிக்கச் சொல்லவேண்டும்.

நாடியைத் தாழ்த்தும் மாத்திரைகள்: மெட்டோபிரோலால், அட்டெனோலால் ஆகியவை இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை. இவற்றை உண்பவருக்கு எவ்வளவு கடினமாகப் பயிற்சி செய்தாலும் நாடி அதிகம் ஏறாது. ‘நாடி ஏறவில்லை, இன்னும் செய்யலாம்’ என்று எண்ணினால் முதியவர் தம் சக்திக்கு மிஞ்சி வருந்த நேரும். இத்தகையோருக்கு நாடியை நம்பாமல், உணரும் சிரமத்தைக் கேட்டறிவதே முறை. ஸ்வீடன் தேசத்து குன்னர் போர்க் என்பவர் வகுத்த சிரம அளவை 6 முதல் 20 வரை எண்ணிடப்பட்டது. பயிற்சி தருபவர்கள் அதனை அறிவார்கள். வீட்டில் எளிய வழி ஒன்று உண்டு: நடக்கும்போதே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா என்று பார்ப்பது.

சர்க்கரை மருந்துகள்: இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் பயிற்சியோடு சேரும்போது சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடும். காலையில் மாத்திரை விழுங்கிவிட்டு, பலகாரம் உண்ணுமுன் பயிற்சிக்கு நிற்பது அபாயம். இங்கு நம் தாய்மார்களின் விரதங்களையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஏகாதசி, கிருத்திகை, அமாவாசை நாட்களில் உண்ணாதிருந்து, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் உண்டு, பயிற்சியும் செய்வது மிகவும் தவறு. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி தருபவருக்கும் அன்று விரதம் என்று சொல்லவேண்டும். பயிற்சிக்கு முன் சர்க்கரை 100-க்குக் குறைவாயிருந்தால் சிறிது உண்டபின் தொடங்குவது நல்லது. நடுவில் வியர்வை, நடுக்கம், தடுமாற்றமான பேச்சு தோன்றினால் அளந்து பார்த்து, 70-க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊட்டலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நாடியைத் தாழ்த்தும் மாத்திரையும் சேர்ந்து உண்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை ஒன்றே அடையாளமாக நிற்கும். இன்னொன்று: தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே கால்பயிற்சி செய்தால் அது வேகமாக இரத்தத்தில் கலக்கும். மெட்பார்மின் மாத்திரை இவ்வாறு சர்க்கரையை வீழ்த்துவது அரிது. ஆனால் பல ஆண்டுகள் உண்பவருக்கு வைட்டமின் பி-12 குறைந்து, பாதம் மரத்து, நடை தடுமாறலாம். இரத்தப் பரிசோதனையில் இதனைக் கண்டுபிடித்துவிடலாம்.

தூக்கத்திற்கும் நரம்புவலிக்கும் உரியவை: அல்பிரசோலம், குளோனசிபம் ஆகியவற்றின் மந்தம் மறுநாள் காலைப் பயிற்சி வரை நீடிக்கலாம். முதுகுவலிக்கும் நரம்புவலிக்கும் இன்று பரவலாக எழுதப்படும் பிரெகாபலின், காபாபென்டின் ஆகியவை தலைசுற்றலும் உறக்கமும் தருபவை. காலில் வீக்கத்தையும் உண்டாக்கலாம். டிரமடால் குமட்டலும் கிறுகிறுப்பும் தரும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் முதியோரிடம் மயக்கம், மனக்குழப்பம், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை வருவிக்கக்கூடும்.

வலி மாத்திரைகள்: அறுவைக்குப் பின் டாக்டர் சொன்ன வலிநிவாரணியைப் பயிற்சிக்குச் சற்று முன் உட்கொள்வது பயிற்சிக்கு உதவுவதும் உண்டு. ஆனால் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், இபுபுரூபன் முதலியவற்றை மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி உண்பது வயிற்றில் இரத்தக்கசிவையும், சிறுநீரகக் கேட்டையும், இரத்த அழுத்த உயர்வையும் கொண்டுவரும். டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் உண்பவர் இதனையும் சேர்த்தால் சிறுநீரகத்திற்கு மும்மடங்கு சுமை.

தசையையும் தசைநாரையும் தாக்குபவை: கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் சிலருக்கு இரு தொடைகளிலும் தோள்களிலும் வலியையும் பலவீனத்தையும் தரும். இதனைப் பயிற்சியினால் வந்த வலி என்று எண்ணிவிடுவது இயல்பு. பயிற்சி வலி சில நாட்களில் தணியும். உழைத்த அங்கத்தில் மட்டும் இருக்கும். மருந்து வலி பெரும்பாலும் இருபுறமும் சமமாகத் தோன்றி, ஓய்வெடுத்தும் நீங்காதிருக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கினால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளை நெடுநாள் உண்பவர்க்குத் தொடைத்தசை மெலிந்து நாற்காலியிலிருந்து எழ முடியாமற் போகும், எலும்பும் மெலியும். பெயர் அச்சிடாத பொட்டலங்களில் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ‘தின்ற மறுநாளே வலி பறந்தது’ என்று புகழப்படும் பொடியிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். சிப்ரோபிளாக்சசின், லெவோபிளாக்சசின் ஆகிய கிருமிக்கொல்லி மருந்துகள் குதிகால் தசைநாரை வீங்கச்செய்யவும் அறுக்கவும் வல்லவை. அறுபது வயதைக் கடந்தவருக்கும் ஸ்டீராய்டு உண்பவருக்கும் இவ்வபாயம் அதிகம் என்று அமெரிக்க அரசாங்க மருந்து நிர்வாகம் 2008-இலேயே எச்சரித்தது. அம்மருந்து உண்ணும் நாட்களில் குதிகாலில் வலி கண்டால் பயிற்சியை நிறுத்தி டாக்டரிடம் காட்டவேண்டும்.

இரத்தம் உறையாதிருக்கத் தருபவை: வார்பரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் உண்பவரை அழுத்தித் தேய்க்கக் கூடாது, பயிற்சி தருபவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும். இவர்கள் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமில்லை, நன்றாகத்தானே பேசுகிறார் என்று இருந்துவிடலாகாது. உள்ளே மெல்லக் கசியும் இரத்தம் பல மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டும். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்வது அவசியம். மலம் தார்போல் கறுத்துப் போனாலும் அவ்வாறே.

நடுக்குவாத மருந்து: லெவோடோபா உண்பவருக்கு மருந்து வேலை செய்யும் நேரமும், அது தணியும் நேரமும் உண்டு. அங்கங்கள் இளகியிருக்கும் நேரத்தைக் குறித்துவைத்து அந்நேரத்தில் பயிற்சியை அமைத்துக்கொண்டால் பலன் கூடும்.

மருந்துக்கு மருந்து

மருந்தின் விளைவைப் புதிய நோயென்று கருதி அதற்கும் ஒரு மருந்து தருவதும், அதன் விளைவுக்கு வேறொன்று தருவதுமாகச் சங்கிலி நீள்வதுண்டு. ரோஷன், குர்விட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1997-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்றில் இதனை விளக்கி எழுதினார்கள். நம் வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய சங்கிலி ஒன்றைப் பாருங்கள். பிரஷருக்காக அம்லோடிபின் தரப்படுகிறது, கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்திற்காக நீர் பிரியும் மாத்திரை தரப்படுகிறது; எழுந்தால் தலை சுற்றுகிறது. தலைசுற்றலுக்காகச் சின்னாரிசினோ புரோகுளோர்பெரசினோ தரப்படுகிறது. அதை மாதக்கணக்கில் உண்டபின் கை நடுங்கி, முகம் இறுகி, கால் தேய்த்து நடக்கும் நிலை வருகிறது. அந்த நடையைச் சீராக்கப் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார். மூன்று படிகளுக்குப் பின்னால் இருக்கும் முதல் மாத்திரையை யாரும் நினைப்பதில்லை. ஒவ்வொரு டாக்டரும் தம்முன் இருந்த துன்பத்திற்கு நியாயமாகவே மருந்து தந்தார். சங்கிலி முழுவதையும் பார்க்கும் வாய்ப்புத்தான் அவர்களுக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு மாத்திரையும் எப்பொழுது தொடங்கியது, தொல்லை எப்பொழுது தொடங்கியது என்ற இரு தேதிகளையும் அருகருகே எழுதிக் காட்டுவது பேருதவி.

சொல்லை மாற்றாமல் சொல்லுக

மொழி தெரியாத ஊரில் முதியவரின் குறையைச் சொல்வதே ஒரு கலை. நம் தமிழில் ‘மயக்கம்’ என்ற ஒரு சொல், கிறுகிறுப்பையும் குறிக்கும், அரைத்தூக்கத்தையும் குறிக்கும், நினைவு தப்புதலையும் குறிக்கும். மொழிபெயர்க்கும் பிள்ளைகள் அதனை ஒருநாள் தூக்கம் என்பார்கள். மறுநாள் ‘பேஹோஷ்’ என்று சொல்லிக் கலவரப்படுத்துவார்கள். முதலில் முதியவரிடமே தெளிவாகக் கேட்கவேண்டும்: உலகம் சுற்றுகிறதா, கண் இருள்கிறதா, கால் தள்ளாடுகிறதா, தூக்கம் அழுத்துகிறதா? பின்னர் அதற்குரிய சொல்லைச் சொல்லவேண்டும். தலைசுற்றலை ஹிந்தியில் ‘சக்கர் ஆதா ஹை’ என்றும், மராத்தியில் ‘சக்கர் யேதே’ என்றும் சொல்வார்கள். பலவீனம் ஹிந்தியில் ‘கம்ஸோரி’. கண் இருட்டுவதை ‘ஆங்கோன் கே சாம்னே அந்தேரா’ என்று சொன்னால் விளங்கும். எந்த நேரத்தில், மாத்திரை உண்டு எவ்வளவு நேரம் கழித்து, எழும்போதா நடக்கும்போதா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஒரு குறிப்பேடு

இவை யாவற்றுக்கும் பெரும் செலவு வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் போதும். முதற்பக்கத்தில் எல்லா மருந்துகளையும் எழுதுக. வியாபாரப் பெயர், அதன் கீழ் அச்சிட்டுள்ள மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, யார் எழுதியது, எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஏழு கட்டங்கள். சூரணம், லேகியம், கஷாயம், தைலம், வைட்டமின், கடை மாத்திரை எதுவும் விடுபடலாகாது. ஒரே மருந்தின் பெயர் இருமுறை வந்தால் சிவப்பு மையால் கோடிடுக; டாக்டரைக் காணும்வரை காத்திராமல் அன்றே தொலைபேசியில் கேட்டுக்கொள்க. அடுத்த பக்கங்கள் பயிற்சிக்கு உரியவை. தேதி, படுத்த நிலையில் அழுத்தம், நின்ற நிலையில் அழுத்தம், நாடி, சர்க்கரை, அன்று சொன்ன குறை ஆகியவற்றை நாளுக்கு ஒரு வரியாக எழுதினால் போதும். பயிற்சி தருபவரிடம் முதற்பக்கத்தையும், டாக்டரிடம் பின்பக்கங்களையும் காட்டுக. மருந்து ஒன்று புதிதாகச் சேர்ந்தாலோ, அளவு மாறினாலோ, பயிற்சி தருபவருக்கு மறுநாளே சொல்லுக. ஊருக்குப் போகும்போது இந்த நோட்டுப்புத்தகமும் பெட்டியில் போகட்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக ஒரு மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. மெட்டோபிரோலாலைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி வரலாம். நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உயிருக்கே அபாயம். தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வருவதும் உண்டு. இவற்றைச் சிறுகச் சிறுகக் குறைக்கும் முறை டாக்டர் அறிந்தது. “இவற்றுள் இன்னும் தேவைப்படாதது எதுவும் உண்டா, ஐயா?” என்று பணிவோடு கேட்பதில் குற்றமில்லை; நல்ல டாக்டர் அக்கேள்வியை வரவேற்கவே செய்வார்.

மருந்தினால் தீங்கு நேர்ந்தது என்று தோன்றினால் அதனை அரசாங்கத்திற்குத் தெரிவிக்கவும் வழி உண்டு. 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. டாக்டர்கள் மட்டுமின்றி நோயாளியும் குடும்பத்தாரும் அறிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நாம் தெரிவிக்கும் ஒரு செய்தி, முன்பின் அறியாத ஒரு முதியவருக்கு நாளை எச்சரிக்கையாக அமையலாம்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், வைத்தியத்திற்கு நான்கு அங்கங்களைக் கூறுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து மருந்தைக் கொடுப்பவரையும் நான்காவதாக அது சேர்த்திருக்கிறது. அந்த நான்காம் இடம் நம்முடையது. மருந்து வாங்கிக் கொடுப்பதோடும், பயிற்சிக்குக் கட்டணம் செலுத்துவதோடும் அது முடிந்துவிடுவதில்லை. முதியவர் “முடியவில்லை” என்று சொல்லும்போது அதனைச் சோம்பல் என்று தள்ளாமல், எந்த மாத்திரை, எந்த நேரம், எந்த அசைவு என்று விசாரிப்பதும் அதில் அடங்கும். நம்மை நம்பி ஊரை விட்டு வந்தவர்கள் அவர்கள். பாஷை தெரியாத இடத்தில் அவர்களுக்காகப் பேச நம்மையன்றி வேறு யார் இருக்கிறார்கள்? வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் உணவுக்குப் பின் மாத்திரைப் பையை அவர்கள் முன்னிலையிலேயே பிரித்து, ஒவ்வொன்றையும் கேட்டு எழுதத் தொடங்குங்கள். அரைமணி நேரத்து வேலை. அதனால் ஒருவர் மீண்டும் தம் காலில் நடக்கக்கூடும்.